பெரிய கடல் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன மீன் பிடித்துப் பழகியவர்கள் முதல் தடவையாக ஆழ்கடலுக்குப் போகும் முன்பும், போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய பிறகும் கேட்கிற கேள்விகள் இவை. இரண்டாவது வகைக் கேள்விகள்தான் அதிகம். பதில்களில் என் சொந்தப் பிடிவாதங்களும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த மீன்களைப் பற்றிப் பேசுகிறோம்?

மார்லின், மயில் கோலா, வாள்மீன், சூரை வகையில் பெரியவை, வாஹூ, டார்பன், ஆம்பர்ஜாக், பெரிய களவா, அப்புறம் தூண்டில்காரர்கள் ஜிடி என்று சுருக்கமாகச் சொல்லும் ராட்சதப் பாறை மீன். இவற்றின் எடை வித்தியாசம் பயங்கரமானது. 1953இல் பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருப்பு மார்லின் 707 கிலோ. 1979இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிடிபட்ட நீலத்துடுப்புச் சூரை 679 கிலோ. ஜிடியின் உலக சாதனையோ வெறும் 72 கிலோ சொச்சம்தான், 2006இல் ஜப்பானில் பிடித்தது. ஆனால் பவளப்பாறை ஓரத்தில் நின்று 30 கிலோ ஜிடியோடு மல்லுக்கட்டியவரிடம் போய் "அது சின்ன மீன்தானே" என்று சொல்லிப் பாருங்கள்.

எடையைவிட, மாட்டியதும் மீன் என்ன செய்யும் என்பதுதான் முக்கியம். மார்லினும் மயில் கோலாவும் மேலே ஓடும், குதிக்கும். சூரை நேராகக் கீழே முங்கும். களவாவும் ஆம்பர்ஜாக்கும் பாறை இடுக்கைத் தேடும். ஒன்றுக்குச் சரியான உத்தி இன்னொன்றிடம் மீனை இழக்க வைக்கும்.

இதற்கு நல்ல உடல் பலம் வேண்டுமா?

வேண்டாம். கையால் இழுத்து ஜெயிக்கப் பார்ப்பவர்தான் முதலில் களைத்துப் போகிறார். மீனைக் களைக்க வைப்பது ரீலில் இருக்கிற பிரேக், அதாவது டிராக். நம் வேலை அந்த பிரேக்கை இடைவிடாமல் வேலை செய்ய வைப்பதும், இழுவை எந்தப் பக்கத்திலிருந்து போகிறது என்பதை மாற்றிக்கொண்டே இருப்பதும்தான்.

அந்தக் காலத்து ரீல்களில் பிரேக்கே கிடையாது. மீன் ஓடினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டிகளைப் பதம் பார்க்கும், நூலை அடக்க ஒரு தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். 1898இல் சார்லஸ் ஹோல்டர் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே 183 பவுண்டு, அதாவது 83 கிலோ சூரையைப் பிடித்தது அப்படிப்பட்ட ரீலில்தான். அதை நினைத்தால் இன்றைய ரீலை வைத்துக்கொண்டு நாம் கை வலிக்கிறது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

டிராக் எவ்வளவு வைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வழக்கமான கணக்கு, நூல் அறுபடும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. 24 கிலோ நூல் என்றால் 6 முதல் 8 கிலோ. இதைக் கையால் இழுத்துப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். கை பொய் சொல்லும். நூலைக் கோலின் வளையங்கள் வழியாகக் கோத்து, முனையை ஒரு சுருள்வில் தராசில் கட்டி, கோலைச் சண்டை போடும் கோணத்தில் பிடித்து, ஒருவர் இழுக்க இன்னொருவர் அளவைப் படிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பலர் செய்வதில்லை.

அளந்துவிட்டோம், 8 கிலோ. அதோடு முடிந்ததா? இல்லை. மீன் ஓட ஓட, நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் நூல் குறைகிறது, சுற்றின் விட்டம் சுருங்குகிறது. பிரேக்கின் பிடி அப்படியே இருந்தாலும் விட்டம் பாதியானால் நூலில் விழும் இழுவை இரண்டு மடங்கு. 8 கிலோ என்று வைத்தது 16 கிலோ ஆகிவிடும், நாம் ரீலைத் தொடவே இல்லை. போதாததற்கு, தண்ணீருக்குள் கிடக்கும் சில நூறு மீட்டர் நூலை மீன் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்போது தண்ணீரின் எதிர்ப்பும் நூல் மேல்தான் ஏறுகிறது. இதனால்தான் பெரிய ஓட்டத்தின் கடைசியில் மீன் அறுத்துக்கொண்டு போகிறது. நூல் தீர்ந்துகொண்டே போகிறதே என்ற பதற்றத்தில் டிராக்கை இறுக்குவது மனித இயல்பு, ஆனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. கொஞ்சம் தளர்த்துங்கள், படகைத் திருப்பி மீனைத் துரத்துங்கள், நூல் ஸ்பூலுக்குத் திரும்பியதும் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

லீவர் டிராக் ரீலாக இருந்தால் இது சுலபம், ஸ்ட்ரைக் என்ற இடத்தில் லீவர் தடுத்து நிற்கும், எவ்வளவு குறைத்தோம் என்று கண்ணுக்குத் தெரியும். நட்சத்திர வடிவத் திருகு உள்ள ரீலில் எத்தனை சுற்று திருகினோம் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், மீன் ஓடும்போது யாருக்கும் எண்ணிக்கை நினைவிருக்காது.

இன்னொன்று. வேலை முடிந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடி மாதக்கணக்கில் கிடந்த ரீலில் வாஷர்கள் அமுங்கி, பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். நான் இழந்த மீன்களிலேயே பெரியது அப்படிப் போனதுதான், ஒரு சின்னத் திக்கல், ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நைலான் நரம்பா, பிரெய்டா?

இரண்டும். நைலான் நரம்பு நன்றாக இழுபடும், அதனால் படகை ஓட்டிக்கொண்டே இரை இழுக்கும் டிரோலிங்கில் மீன் மோதும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு அநேகமாக இழுபடாது, அதே பலத்துக்கு ரொம்ப மெல்லியது, ஸ்பூலில் நிறைய கொள்ளும். ஆழத்தில் ஜிக் என்ற எடையுள்ள உலோக இரையை ஆட்டுவதற்கும், பாப்பர் என்ற மிதக்கும் இரையை எறிவதற்கும் அதுதான். பெரிய மீனுக்குப் பலர் செய்வது ஸ்பூலில் அடிப்பகுதி முழுக்க பிரெய்டு, மேலே ஐம்பது அறுபது மீட்டர் நைலான், முனையில் முள்ளோடு இணையும் தடித்த நூலான லீடர். பிரெய்டு பாறையில் உரசினால் உடனே போய்விடும், அதனால் லீடரில் கஞ்சத்தனம் வேண்டாம். வாஹூ போலப் பல் கூர்மையான மீனுக்கு லீடரே கம்பியாக இருக்க வேண்டும்.

எந்த முடிச்சு போடுவது?

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி முடிச்சு. மெலிதாக இருப்பதால் வளையங்களில் தட்டாமல் ஓடும். பிமினி திருகு போட்டு நூலை இரட்டையாக்குவது டிரோலிங் செய்பவர்களின் பழைய வழி, இன்றும் நல்ல வழி. பத்து முடிச்சு அரைகுறையாகத் தெரிவதைவிட மூன்றை இருட்டிலும் ஆடுகிற படகிலும் போடத் தெரிந்திருப்பது மேல். இறுக்கும் முன் நரம்பை எச்சிலால் நனையுங்கள், உரசல் சூட்டில் நைலான் பலவீனமாகும். இறுக்கிய பிறகு முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள், அவிழ வேண்டியது அங்கேயே அவிழட்டும்.

வட்ட முள்ளில் ஏன் மீன் சிக்காமல் போகிறது?

நீங்கள் வெட்டி இழுத்ததால். சாதாரண முள்ளில் கடித்ததும் கோலைப் படாரென்று தூக்குவது பழக்கமாகிவிடும். வட்ட முள்ளின் முனை உள்நோக்கி வளைந்திருக்கும், அது தொண்டையில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வந்து வாயின் ஓரத்தில் திரும்பிப் பிடிக்க வேண்டும். அதற்கு மெதுவான, தொடர்ந்த இழுவைதான் தேவை. மீன் இரையை எடுத்துத் திரும்பிப் போகட்டும், சில நொடிகள் பொறுங்கள், பிறகு லீவரை நிதானமாக ஸ்ட்ரைக் வரை தள்ளுங்கள். நூல் இறுகும், கோல் தானாக வளையும், மீன் தன்னைத்தானே மாட்டிக்கொள்ளும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இதில் கஷ்டமான பாகம்.

இரைத் துண்டை முள்ளின் வாய் நிறையத் திணிக்காதீர்கள், முனைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். மீனை உயிரோடு திருப்பி விடுகிறவர்களுக்கு வேறு முள்ளே தேவையில்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கம் மார்லின், மயில் கோலா போட்டிகளில் இயற்கை இரை போட்டால் வட்ட முள் கட்டாயம்.

டிரோலிங், உயிர் இரை, பாப்பர், ஜிக். எதில் தொடங்கலாம்?

எங்கே மீன் இருக்கிறது என்று தெரியாதபோது டிரோலிங். செயற்கை இரைகளை மார்லினுக்கு 7 முதல் 9 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் இழுப்பார்கள், நிறைய பரப்பைத் துழாவலாம். ஒவ்வொரு இரையும் படகின் பின்னால் எழும் அலைகளில் வெவ்வேறு அலையின் முன்சரிவில் ஓட வேண்டும், அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிக் குமிழி வாலோடு கீழே போக வேண்டும். தொடர்ந்து துள்ளிக்கொண்டே வந்தால் வேகம் அதிகம், எழும்பவே இல்லையென்றால் குறைவு. வாஹூவுக்கு 12 நாட்டுக்கு மேலும் போவார்கள், அது எட்டிப் பிடித்துவிடும். உயிருள்ள சின்னச் சூரையைக் கட்டி இழுப்பதென்றால் 2 நாட் போதும், அதற்கு மேல் போனால் இரை செத்துவிடும்.

மீன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் உயிர் இரையை மிஞ்சியது எதுவும் இல்லை. இதில் யாரோடும் வாதிடத் தயார்.

பாப்பர் எறிவது ஒரு போதை. தண்ணீரின் மேல் 'டொப்' என்று சத்தம் எழுப்பும் பெரிய மரத்துண்டை நாள் முழுக்க எறிந்து இழுக்க வேண்டும், நூறு தடவை எறிந்தால் ஒரு தடவை மீன் வரும், அந்த ஒரு தடவைக்காக மறுநாளும் போவோம். புதியவர்கள் அவசரமாக இழுப்பார்கள். ஒரு நீண்ட இழுப்பு, பிறகு நிறுத்தம். பல கடிகள் அந்த நிறுத்தத்தில்தான் வரும். மீன் பாப்பரை அடித்துத் தவறவிட்டால் நின்றுவிடாதீர்கள், இழுத்துக்கொண்டே இருங்கள், பல தடவை திரும்ப வந்து அடிக்கும்.

ஜிக் ஆட்டுவது ஆழத்தில் கிடக்கும் ஆம்பர்ஜாக், சூரை, களவாவுக்கு. படகு நீரோட்டத்தோடு நகரும்போது நூல் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்துகொண்டே போனால் எடை கூடிய ஜிக்கை மாட்டுங்கள்.

கடல் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதே, எங்கே தேடுவது?

ஒரே மாதிரி இல்லை, பழகினால் தெரியும். இரண்டு நீரோட்டங்கள் சந்திக்கும் கோடு, நிறம் மாறும் இடம், மிதக்கும் பாசி வரிசை, அடித்து வந்த மரக்கட்டை, கடலடி சட்டென்று ஆழமாகும் விளிம்பு, கடலடி மேடு. எங்கே சின்ன மீன் ஒதுங்குமோ அங்கே பெரியது வரும். பறவைகளைப் பாருங்கள். உயரத்தில் வட்டமிட்டால் தேடுகின்றன, தண்ணீரில் பாய்ந்தால் கீழே யாரோ இரையை மேலே விரட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே படகை ஓட்டிக் கெடுக்காதீர்கள், ஓரமாகச் சுற்றி வந்து இரையை மட்டும் அதன் விளிம்பில் கடத்துங்கள்.

வாள்மீன் தனி. பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும், இரவில் கணவாயைத் தேடி மேலே வரும். அதற்கு நேரத்தைப் பார்த்து ஆழத்தை மாற்ற வேண்டும்.

மாட்டிய முதல் நிமிடத்தில் என்ன செய்வது?

திறந்த கடலில் ஓடுகிற மீன் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள், ஓடட்டும். நூல் வெளியே போகும்போது ரீலைச் சுற்றுவதில் பயனில்லை. அந்த நேரத்தில் மற்ற தூண்டில்களை உள்ளே எடுப்பது, இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்வது, காலடியைச் சரி செய்வது. ஸ்பின்னிங் ரீலில் நூல் வெளியே போகும்போது சுற்றினால் நூல் முறுக்கிக்கொள்ளும், அதையும் கவனியுங்கள்.

பாறைக்குப் பக்கத்தில் ஜிடியோ களவாவோ என்றால் கதையே வேறு. முதல் பத்து நொடியில் எல்லாம் முடிவாகும். டிராக் முன்கூட்டியே நன்றாக இறுகியிருக்க வேண்டும், ஜிடிக்கு 10 கிலோவுக்கு மேல் வைப்பவர்கள் உண்டு, அதற்கேற்ற நூலும் கோலும் இருந்தால் மட்டும். ஒரு அங்குலம்கூட விடாமல் தலையை நம் பக்கம் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

'பம்ப்' செய்வது என்கிறார்களே, எப்படி?

கோலை நிதானமாக உயர்த்துங்கள், பிறகு தாழ்த்திக்கொண்டே அந்தத் தளர்வைச் சுற்றி எடுங்கள். சின்னச் சின்னதாக. கோலை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பின்னால் சாய்பவர்களை நிறைய பார்க்கலாம், பார்க்க வீரமாக இருக்கும். அந்தக் கோணத்தில் கோலின் மெல்லிய நுனி மட்டும் வளைகிறது, மீனுக்கு அழுத்தம் குறைவு, கோல் முறியும் வாய்ப்பு அதிகம். கிடைமட்டத்திலிருந்து கொஞ்சம் மேலே வைத்து வேலை செய்தால் கோலின் தடித்த அடிப்பாகம் இழுக்கும். கையால் தூக்காமல் முழங்காலை மடக்கி உடல் எடையைப் பின்னால் கொடுங்கள். இறக்கும்போது நூல் தொய்யவே கூடாது.

மீன் நிற்கும்போது நீங்களும் நிற்காதீர்கள். நாம் இளைப்பாறும் ஒரு நிமிடத்தில் அது நம்மைவிட நன்றாக இளைப்பாறும். சூரைக்கு உடம்பிலேயே ஒரு வசதி உண்டு, ரத்தக் குழாய்களின் பின்னல் மூலம் தசைச் சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும், அதனால் குளிர்ந்த ஆழத்திலும் அதன் தசை சோர்வதில்லை. அழுத்தம் விட்டால் உடனே தேறிவிடும்.

மீன் குதிக்கும்போது நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டுமா?

டார்பன் என்றால் விடுங்கள், கோலை அதை நோக்கித் தாழ்த்தி நூலுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுங்கள். தண்ணீரில் இருக்கும்போது மீனின் எடையைத் தண்ணீர் தாங்கும், காற்றில் அந்த உடம்பு மொத்தமும் தலையை உதறும்போது இறுகிய நூல் முள்ளைப் பிடுங்கிவிடும் அல்லது அறும். மார்லினுக்குக் கனமான ரீலில் அப்படித் தாழ்த்திக்கொண்டிருக்க முடியாது, டிராக்கைக் கொஞ்சம் குறைப்பதோடு சரி.

சூரை படகுக்கு நேர் கீழே வட்டமடிக்கிறது, ஒரு மணி நேரமாக அங்குலம் ஏறவில்லை. என்ன செய்ய?

வட்டத்தைப் படியுங்கள். ஒரு சுற்றில் பாதி நேரம் அது நம்மை விட்டு விலகும், மீதி பாதி நம் பக்கம் வரும். விலகும்போது பிடித்து நில்லுங்கள், திரும்பி வரும்போது வேகமாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மீட்டர் கிடைத்தால் போதும், பேராசை வேண்டாம். இரண்டு வேக ரீல் என்றால் குறைந்த கியருக்கு மாற்றுங்கள்.

அதுவும் நடக்கவில்லையென்றால் கோணத்தை மாற்ற வேண்டும். நேர் மேலே இழுத்தால் மீன் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். படகை மெதுவாக முன்னே நகர்த்தி நூலைச் சாய்வாக்குங்கள், மீனின் தலை திரும்பும், அது நீந்தி மேலே வரத் தொடங்கும். நல்ல படகோட்டி இருந்தால் பாதிச் சண்டையை அவரே போட்டுவிடுவார், பெயர் மட்டும் தூண்டில் பிடித்தவருக்கு.

களவா இடுக்குக்குள் போய்விட்டது. அறுத்துவிடலாமா?

உடனே வேண்டாம். நூலை முழுக்கத் தளர்த்திச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். அழுத்தம் இல்லையென்றால் சில நேரம் தானாக வெளியே வரும். நூல் நகர்வது தெரிந்ததும் முழு பலத்தோடு. பாதி நேரம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படகருகே வந்த பிறகு ஏன் இவ்வளவு விபத்துகள்?

எல்லோரும் ஓட்டம் முடிந்தது என்று நினைக்கும் நேரம் அது. மீனுக்கு இன்னும் ஒரு பாய்ச்சல் பாக்கி இருக்கும். லீடரைப் பிடிக்கும் ஆளுக்குத் தடித்த கையுறை வேண்டும். அனுபவசாலிகள் கையில் ஒன்றிரண்டு சுற்று சுற்றிப் பிடிப்பார்கள், கையைத் திறந்தால் உடனே விடுபடும் விதத்தில். பழகாதவர் சுற்றவே கூடாது, சுற்றிய லீடர் இறுகினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். பிரெய்டை வெறுங்கையால் தொடவே வேண்டாம், விரலை அறுக்கும். தரையில் லீடர் சுருண்டு கிடக்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள். ஒரு கத்தி எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மார்லினின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள், அது படகுக்குள் குதித்தால் ஓடி ஒளிவதைத் தவிர வேறு உத்தி இல்லை.

ரீலில் இருப்பவர் இந்த நேரத்தில் டிராக்கைக் குறைத்துத் தயாராக இருக்க வேண்டும். நூல் குறுகிவிட்டதால் இழுபட்டு அதிர்ச்சி தாங்க நைலானே மிச்சமில்லை.

கோலை இன்னொருவர் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டால் என்ன?

உங்கள் மகிழ்ச்சிக்காகப் பிடிக்கிறீர்கள் என்றால் தாராளமாக. சாதனைக் கணக்குக்கு ஆகாது. 1939இல் தொடங்கிய சர்வதேச கேம் ஃபிஷ் சங்கத்தின் விதிப்படி, மீன் மாட்டியதிலிருந்து கோல், ரீல், நூல் எதையும் வேறொருவர் தொட்டால் தகுதி போச்சு. லீடரை மட்டும் உதவியாளர் பிடிக்கலாம். பெரிய நூல் வகுப்புகளில் இரட்டை நூலும் லீடரும் சேர்ந்து 40 அடிக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் உண்டு, பலர் மீன் பிடித்த பிறகுதான் அளந்து பார்த்து நொந்து போவார்கள்.

திருப்பி விட்டால் பிழைக்குமா?

சண்டை எவ்வளவு நீண்டதோ அவ்வளவு வாய்ப்பு குறையும். மெல்லிய நூலில் நாலு மணி நேரம் இழுத்துவிட்டு "விட்டுவிட்டேன்" என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை, கனமான நூலில் சீக்கிரம் முடிப்பதுதான் மீனுக்கு நல்லது. புகைப்படத்துக்காக மார்லினை வெளியே தூக்காதீர்கள், தண்ணீரிலேயே படம் எடுங்கள். முள் எடுக்க வரவில்லையென்றால் லீடரை முள்ளை ஒட்டி வெட்டுங்கள். அப்புறம் மீனின் மூக்கையோ தாடையையோ பிடித்து, படகை மெதுவாக முன்னே நகர்த்தி, வாய் வழியாகப் போன தண்ணீர் செவுள் வழியாக வரும்படி கூடவே நடத்துங்கள். நிறம் திரும்பி, வால் தானாக அடிக்கத் தொடங்கினால் விடலாம்.

ஆழத்திலிருந்து வந்த களவாவுக்கு இது போதாது. காற்றுப்பை ஊதி, கீழே போக முடியாமல் மிதக்கும். எடை கட்டிய கருவியால் பழைய ஆழத்துக்கு இறக்கி அங்கே விடுவிக்க வேண்டும்.

சுறா பாதி மீனைக் கடித்துவிட்டது, வேறு இடம் போக வேண்டுமா?

ஆமாம், உடனே. ஒரு தடவை ருசி கண்ட சுறா படகை விட்டுப் போகாது, அடுத்த மீனுக்கும் கீழே காத்திருக்கும். நல்ல கடி இருக்கிறதே என்று அங்கேயே நின்றால் நீங்கள் அதற்கு இரை போட்டுக்கொண்டிருப்பீர்கள். சில மைல் தள்ளிப் போய்த் தொடங்குங்கள்.

தலை மட்டும் வந்த மீன் சாதனைக்கும் ஆகாது, சுறா கடித்த மீனை ஏற்க மாட்டார்கள்.